பேசும் சட்டை!

குழந்தைகளே, பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் உங்களுக்கு ஒரு வேஷம் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே என்ன செய்வீர்கள்? அப்பாவைக் கூட்டிக்கொண்டு, நாடக டிரஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கு ஓடுவீர்கள். ராஜா டிரஸ், போலீஸ் டிரஸ், பாட்டி டிரஸ் என்று வரிசையாக மாட்டியிருக்கும். ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது! அந்த ராஜா நல்லவனா, கர்வம் பிடித்தவனா, பயந்தாங்கொள்ளியா? கடைக்காரருக்கு அதைப் பற்றி என்ன கவலை! எல்லா ராஜாவுக்கும் ஒரே ஜிகினாதான்.

நம் தெருக்கூத்துக் கலைஞர்கள் அப்படி விடமாட்டார்கள். விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் விடிய விடிய மகாபாரதக் கூத்து நடக்கும். அடுத்த முறை தூங்காமல் உட்கார்ந்து உடைகளைக் கவனியுங்கள். வேஷக்காரர் தலையில் வைக்கும் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தால் ஆனவை. கல்யாண முருங்கை மரம் எடை குறைந்தது என்பதால் அதில் செதுக்குவார்கள். மேலே கண்ணாடித் துண்டும் தங்க நிறத் தாளும் ஒட்டுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவை மின்னும்போது கடைசி வரிசைப் பாட்டிக்கும் பளிச்சென்று தெரியும்.

துரியோதனனைப் பாருங்கள். முகத்தில் சிவப்பு வண்ணம். கோபமும் ஆணவமும் அதிலேயே தெரிந்துவிடும். இடுப்பிலிருந்து பாவாடை குடைபோல விரிந்து நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு யாராலும் அடக்கமாக நடக்க முடியாது! சுற்றிச் சுற்றி ஆடும்போது அந்தப் பாவாடை இன்னும் விரிந்து, இடம் முழுவதும் தனக்கே என்று சொல்வதுபோல் இருக்கும். உலகமே தனக்கு வேண்டும் என்று நினைப்பவனுக்கு வேறு எந்த உடை பொருந்தும், சொல்லுங்கள்? கிருஷ்ணனுக்கு இந்தச் சிவப்பு கிடையாது. பச்சையோ நீலமோ பூசுவார்கள்.

திரௌபதிக்கு மரக்கட்டை அணிகள் இல்லை, புடவைதான். ஆனால் சூதாட்ட சபைக்குப் பிறகு அவள் கூந்தல் அவிழ்ந்து தொங்கும். கௌரவர்கள் அழியும்வரை முடிவதில்லை என்பது அவள் சபதம். ஒரு காசு செலவில்லாத அலங்காரம் இது. அவள் வாய் திறக்காமல் நின்றாலும் அந்தக் கூந்தல் சபதத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எனக்குக் கூத்தில் மிகவும் பிடித்தது, மின்னும் கிரீடங்களைவிட, இதுதான்.

கூத்துக்கு மட்டும் உரியதா இந்த ரகசியம்? சார்லி சாப்ளினை உங்களுக்குத் தெரியும்தானே? 1914-ல் திரைக்கு வந்த அவருடைய நாடோடி வேஷத்துக்குத் தொளதொள கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி, பெரிய ஷூ. ஒன்றுக்கொன்று பொருந்தாது! கையில் காசில்லை, ஆனாலும் கனவானைப்போல வாழ ஆசை. அதைத்தான் அந்த உடை சொல்கிறது. இப்படிப் பாத்திரங்களுக்கு உடை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. பானு அத்தையா என்ற இந்தியப் பெண்மணி, 'காந்தி' படத்தின் உடைகளுக்காக 1983-ல் ஆஸ்கர் பரிசு பெற்றார். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவரே!

'காந்தி' படத்தில் உப்பு எடுக்கும் காட்சி உண்டு. நாமும் நம் ஊர் உப்புக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது, பாத்தி பாத்தியாக உப்பளங்களையும் வெள்ளைக் குவியல்களையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் நாடகத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா வருகிறார். பொன்னம்மா என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன உடை?

"கிழிந்த புடவை டீச்சர், முகத்தில் கரி!" என்று சட்டென்று சொல்வீர்கள். மேடையில் ஏழை என்றாலே கிழிசலும் கரியும்தான் என்று ஆகிவிட்டது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. மரக்காணத்துப் பள்ளியில் இந்த நாடகம் போட்டால், உப்பளத்துக்குப் போகும் அம்மாவின் பிள்ளையும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும். தன் அம்மா அப்படி இல்லையே என்று அதற்குத் தெரியாதா?

வேலை செய்பவர்களை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். புடவைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. வேடிக்கைக்கு அல்ல! வெயில் மேலேயிருந்து சுடும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் கண் கூசும். அதனால்தான் கையை மூடும் சட்டையும் தலையைச் சுற்றிய துண்டும். புடவையைத் தூக்கிச் செருகியிருப்பது உப்புநீரில் நனையாமல் இருக்க. கூடை சுமக்கும்போது தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். காலை உப்புநீர் அரிக்கும். புண் இருந்தால் எரியும். அதனால் ரப்பர் பூட்ஸோ காலுறையோ கிடைத்தால் போட்டுக்கொள்வார்கள். ஆக, பொன்னம்மாவின் உடம்பில் உள்ள ஒவ்வொரு துணிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

இதுவரை சொன்னது தொழிலின் உடை. பொன்னம்மா எப்படிப்பட்டவர் என்று இன்னும் சொல்லவில்லையே! அவர் சிக்கனமும் கவனமும் உள்ளவர் என்றால், சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டிருக்கட்டும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறம், ஆனால் உறுதியாகத் தைத்தது. இடுப்பில் ஒரு சுருக்குப்பை. மகளின் பள்ளிச் செலவுக்குக் காசு சேர்க்கிறார் என்று வசனமே தேவையில்லை. பக்கத்துப் பாத்தியில் அவர் தோழி ஒருத்தி இருக்கிறாள், வாயாடி, சிரிப்புக்காரி. அவளுக்கும் அதே சட்டை, அதே துண்டுதான். ஆனால் துண்டு பளீர் ரோஜா நிறம், கட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். துண்டின் அடியில் காலையில் வைத்த கனகாம்பரம் எட்டிப்பார்க்கும். ஒரே வேலை, இரண்டு பெண்கள்!

செலவு? அப்பாவின் பழைய சட்டை, வீட்டிலுள்ள துண்டு, அம்மாவிடம் கேட்டு ஒரு பழைய நூல் புடவை. சாக்பீஸை ஈரமாக்கிப் புடவை ஓரத்தில் தடவிக் காயவிட்டால் உப்புப் பூத்ததுபோல இருக்கும். துரியோதனன் வேஷம் போடுபவர்களுக்கு அட்டையும் சாக்லெட் தாளும் போதும், கத்தரிக்கோலுக்கு மட்டும் பெரியவர்கள் துணை வேண்டும்.

உடை தயாரானதும் ஒரு சோதனை செய்யுங்கள். கூத்தில் முக்கிய வேஷக்காரர்கள் நுழையும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதேபோல இரண்டு நண்பர்கள் ஒரு போர்வையைப் பிடிக்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள், பேசக்கூடாது! போர்வையை மெல்ல இறக்கச் சொல்லுங்கள். நாடகக் கதையே தெரியாத ஒரு தம்பியையோ தங்கையையோ எதிரில் உட்காரவைத்து, "இவங்க யாரு? எப்படிப்பட்டவங்க?" என்று கேளுங்கள். "உப்பளத்து அம்மா" என்று மட்டும் பதில் வந்தால் பாதி மதிப்பெண். "உப்பளத்து அம்மா, ரொம்பக் கறார் பேர்வழி போல!" என்று வந்தால் முழு மதிப்பெண்ணும் உங்களுக்குத்தான்.