சேட்டையா, உடம்பு சரியில்லையா?

நாய்க்குட்டி வாங்கிய வீடுகளில் முதல் சில மாதங்களில் கேட்கும் புலம்பல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கண்டதையெல்லாம் கடிக்கிறது. துடைத்து முடித்த இடத்திலேயே மறுபடி உச்சா போகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் ஊளையிடுகிறது, எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு உறவினர்கள் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான்: "நாலு அடி போட்டாத்தான் அடங்கும்." கையில் கொஞ்சம் காசு புரண்டால், "டிரெய்னரை வரச் சொல்லுங்க."

டிரெய்னர் சில நேரங்களில் தேவைதான். ஆனால் அவருக்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர். குணம் என்று நாம் பெயர் வைத்துவிடும் பல விஷயங்களுக்குக் காரணம் பல்லிலோ, சிறுநீர்ப்பையிலோ, காதிலோ, மூட்டிலோ இருக்கிறது. அங்கெல்லாம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பழக்குவதைப் பற்றிப் பேசலாம்.

எட்டு வாரத்துக்கு முன்பே வந்த குட்டி

2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நடப்பு வேறு. முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டியைக் காட்டி, "இப்பவே எடுத்துட்டுப் போனாத்தான் உங்ககிட்ட ஒட்டும்" என்று விற்கிறார்கள். வாங்குகிறவருக்கும் உள்ளங்கையில் அடங்கினால்தான் பிடிக்கிறது. ஆனால் குட்டி தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டிய காலம் அது. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது கடித்தால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நம் கைவிரல்களில்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன்படி, ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அது அதற்குச் சாதாரணமாகிவிடுகிறது. அப்போது பார்க்காதது பிறகு பயமாகிறது.

சிக்கல் என்னவென்றால், தடுப்பூசிக் காலமும் இதுவேதான். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். எல்லாம் முடியட்டும் என்று குட்டியை அறைக்குள்ளேயே வைத்திருந்தால், முதல்முறை தெருவைப் பார்க்கும்போது ஆட்டோ ஹாரனுக்கே நடுங்கும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008-லேயே சொன்னது இது: முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனால் போதும், சுத்தமான இடத்தில் குட்டியைப் பழகவிடத் தொடங்கலாம். நம் ஊரில் பார்வோ அதிகம் என்பதால் தெருநாய்கள் நடமாடும் தரையில் இறக்க வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சிலிண்டர் உருட்டுபவர், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் எல்லாரையும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். வீட்டுக்குள் குக்கர் விசிலும் மிக்ஸியும் இருக்கவே இருக்கின்றன.

பல் முளைக்கும் காலம்

குட்டிக்குப் பால்பற்கள் 28. நான்காவது மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு ஊறும், வலிக்கும். நாற்காலிக் கால், செருப்பு, செல்போன் சார்ஜர் எல்லாம் மருந்தாகிவிடும். இதைத் தடுக்க முடியாது, திசை மாற்றலாம். ஃபிரிட்ஜில் வைத்த கேரட், நனைத்து முறுக்கி உறையவைத்த துணி, கடிக்கவென்றே விற்கும் ரப்பர் பொம்மை ஆகியவை நல்லவை. வேகவைத்த எலும்பு கூடாது. சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பழைய செருப்பைக் கொடுப்பதும் வினை. பழையது எது, நேற்று வாங்கியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கையைக் கடித்தால் வாயைப் பொத்துவதும் மூக்கில் தட்டுவதும் வேண்டாம். கை என்றால் வலி என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு தடவ நீட்டும் கையையும் கடிக்கும். விளையாட்டை அந்த நொடியே நிறுத்தி எழுந்துவிடுங்கள். அரை நிமிடம் கண்டுகொள்ளாதீர்கள். வீட்டில் எல்லாரும் இதையே செய்தால் சில வாரங்களில் குறைந்துவிடும்.

பலர் மறந்துவிடுவது தூக்கத்தை. சின்னக் குட்டி நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்சினால், இரவு ஏழு மணிக்கு அது வெறி பிடித்ததுபோல் ஓடி, பாவாடையைக் கவ்வி, குதிகாலைக் கடிக்கும். அது சோர்வு. அந்த நேரத்தில் பயிற்சி ஏறாது. இருட்டான மூலையில் படுக்க வைத்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கிப் போகும். மறுபடி பல்லுக்கு வந்தால், பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறு இனங்களில் பால்பல் விழாமலே புதுப் பல் பக்கத்தில் முளைப்பதுண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகும் இரட்டைப் பல் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உச்சா விவகாரம்

குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது அடக்கிக்கொள்ளும் அதிகபட்ச எல்லை. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் தூங்கும்போது. விழித்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போக வேண்டும். போன இடத்திலேயே, போன மறுநொடியே ஒரு துண்டு வேகவைத்த கோழியோ பனீரோ கொடுங்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

போய் முடித்து நேரம் கழித்துத் திட்டுவதால் பயனில்லை. மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது கொடுமை மட்டும்தான். அதிலிருந்து குட்டி படிக்கிற பாடம், இவர்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும் என்பது. பினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்கு வாடை அடங்கும், நாயின் மூக்குக்கு அடங்காது. என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அது சிறுநீரின் மிச்சத்தையே சிதைக்கும். செய்தித்தாளில் பழக்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அப்பா படித்துவிட்டுத் தரையில் போடும் அன்றைய பேப்பரும் அதற்குக் கழிப்பறைதான்.

வேலையிலிருந்து வந்தவர் குனிந்து கொஞ்சும்போது குட்டி காதை ஒடுக்கி, அங்கேயே சொட்டுச் சொட்டாகப் போகிறதா? அது பணிவைக் காட்டும் வழி. திட்டினால் கூடும். வந்ததும் ஒரு நிமிடம் கவனிக்காமல் இருந்துவிட்டு, உட்கார்ந்து பக்கவாட்டிலிருந்து தடவினால் வளர வளரப் போய்விடும்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால் அது வேறு கதை. சிறுநீர்த்தொற்று, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். தோல் அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைக் கூட்டிச் சிறுநீரைக் கூட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். சிறுநீரைச் சோதியுங்கள்.

காது கேட்காத ராஜபாளையம்

சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அடிவாங்கும் வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்கு உண்மையிலேயே காது கேட்பதில்லை. பால்வெள்ளை ரோமத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் தரும் அதே நிறமிக் குறைவு உட்காதிலும் இருந்தால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். டால்மேஷியனிலும் இது உண்டு. குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுகூட அசையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் நாயும் இருக்கிறது. கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றும். இரண்டு காதும் கேட்காத நாயைக் கையசைவில் பழக்கலாம், நன்றாகவே பழகும்.

காது நன்றாகக் கேட்டும் வராத நாய்க்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். பாட்டி "வா" என்கிறார், அப்பா "கம்" என்கிறார், பையன் "கமான்" என்கிறான். குளிப்பாட்டவும், விளையாட்டை முடித்துக் கட்டிப்போடவும் மட்டுமே கூப்பிட்டால் எந்த நாய் வரும்? எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வந்ததும் எதையாவது கொடுத்து மறுபடி விளையாட விடுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தவே வளர்க்கப்பட்டவை. ஓடும் ஒன்றைக் கண் பிடித்துவிட்டால் உங்கள் குரல் எட்டாது. திறந்த வெளியில் அவற்றை லீஷ் இல்லாமல் விடுவது வீண்வம்பு.

லாப்ரடார், காக்கர் ஸ்பானியல், பீகிள் போன்ற தொங்குகாது நாய்களுக்குக் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் காதுத்தொற்று அடிக்கடி வரும். தலையை உதறுவது, காதில் நாற்றம், கழுத்துப் பக்கம் கை போனால் உறுமுவது. இந்த உறுமலுக்கு மருந்து காதுச் சொட்டு.

தனிமையும் பட்டாசும்

ஆளில்லாதபோது குரைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அலுப்பு: வேலை கொடுத்தால் தீரும். நடையைக் கூட்டி, வழியில் மோப்பம் பிடிக்க நேரம் கொடுங்கள். சாப்பாட்டைக் கிண்ணத்தில் போடாமல் சுருட்டிய துண்டுக்குள் ஒளித்துக் கொடுங்கள். இன்னொன்று பீதி: நீங்கள் கதவைச் சாத்திய சில நிமிடங்களிலேயே தொடங்கும், எச்சில் வழியும், கதவையும் ஜன்னலையும் பிராண்டி நகம் பெயரும். பழைய செல்போனை ஓடவிட்டுப் போனால் எது என்று தெரிந்துவிடும். பீதிக்குப் பத்து விநாடி வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முற்றியிருந்தால் மருத்துவர் மாத்திரையும் எழுதுவார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டுத் தூக்கமாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது ஆபத்து.

கவனத்துக்காகக் குரைக்கும் நாயைப் புறக்கணிக்கத் தொடங்கினால் முதலில் குரைப்பு கூடும். பலர் அங்கேதான் தோற்று ஒரு பிஸ்கட்டைப் போடுகிறார்கள். இன்னும் சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று அது தெரிந்துகொள்கிறது.

மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அது 45,000 வரை போகும். மெல்லிய ஒலியும் அதற்கு நம்மைவிட நன்றாகக் கேட்கும். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். அன்று பொழுது சாயும் முன் நடத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓடும் உள்ளறையில் வையுங்கள். பெல்ட்டில் போன் நம்பர் இருக்கட்டும். அணைத்துக்கொண்டால் பயம் கூடும் என்பது கட்டுக்கதை.

தலைவன் வேடம் வேண்டாம்

நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கி 'நான்தான் தலைவன்' என்று காட்டச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கருத்தின் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. 1970-இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் அதைப் பரப்பியது. காட்டு ஓநாய்க்கூட்டம் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999-இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்தியவரும் அதே மெக்தான். அமுக்கப்பட்ட நாய் மரியாதை கற்பதில்லை, பயப்படுகிறது. உறுமலுக்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உடல் விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் அதற்கு முந்திய எச்சரிக்கைகள். குழந்தைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடும் நாயிடமும் தூங்கும் நாயிடமும் போகக் கூடாது என்பதையும்.

இழுத்தால் கழுத்தை இறுக்கும் செயின் மூச்சுக்குழலை நசுக்கும், கண்ணழுத்தத்தையும் ஏற்றும். நடையில் இழுக்கிற நாய்க்கு மார்பில் மாட்டும் ஹார்னெஸ் போடுங்கள்.

பல் பட்டுவிட்டால்

வீட்டுக்குட்டிதானே என்று விடாதீர்கள். பால்பல் கீறலானாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணை. ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

சாதுவாக இருந்த பெரிய நாய் திடீரென்று கடித்தால், ரேபிஸ் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டு, பிறகு வலியைத் தேடுங்கள்: இடுப்பு மூட்டுத் தேய்வு, பல் சீழ், உண்ணிக்காய்ச்சல், தைராய்டு குறைவு. மருத்துவமனை மேசையில் ஏறியதும் பெரும்பாலான நாய்கள் பெட்டிப்பாம்பாகிவிடும், வீட்டில் செய்ததை அங்கே செய்யாது. எப்போது, எங்கே, யார் பக்கத்தில் இருந்தபோது, எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொண்டு போங்கள். செல்போனில் அரை நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. அதை எடுப்பதற்காக நாயை மறுபடி சீண்டிப் பார்க்க வேண்டாம்.