நாய் வளர்ப்பகங்களுக்கான நிலப் பயன்பாட்டு அனுமதி

நாய் வளர்ப்பகங்களுக்கான நிலப் பயன்பாட்டு அனுமதி என்பது, விற்பனைக்காகவோ கட்டணத்துக்காகவோ நாய்களை வளர்க்கும் இடம் ஒன்றை அமைப்பதற்கும் விரிவாக்குவதற்கும் உள்ளாட்சி அமைப்பிடமும் நகர் ஊரமைப்புத் துறையிடமும் பெறப்படும் இசைவு ஆகும். தமிழ்நாட்டில் இது தனியொரு சட்டத்தில் அடங்குவதன்று. நிலம், கட்டடம், ஒலி, விலங்கு நலம் ஆகிய நான்கையும் வெவ்வேறு விதிகள் ஆள்கின்றன. ஒன்றின் கீழ்ப் பெற்ற அனுமதி மற்றொன்றுக்கு ஈடாகாது.

சட்டப் பின்னணி

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இதற்கு அடிப்படையானது. இச்சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி, விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் அனுமதி கோரப்படும் நோக்கம், அந்நோக்கத்துக்கு இடம் பொருந்தும் தன்மை, அப்பகுதியின் எதிர்கால வளர்ச்சி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள விளைநிலங்களை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 2017-இல் தனி விதிகள் வெளியிடப்பட்டன. கட்டட அளவு, பக்க இடைவெளி முதலியவற்றுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும்.

தருமபுரி மாவட்டத்தில் உள்ள பென்னாகரம் பேரூராட்சி ஆகும். அதைச் சூழ்ந்த சிற்றூர்கள் ஊராட்சிகளாக உள்ளன. இவ்வூராட்சிகளுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 பொருந்தும். பேரூராட்சியோ 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் வருகிறது. எனவே சாலையின் இருபுறமும் உள்ள இரு நிலங்களுக்கு இருவேறு அலுவலகங்களை நாடவேண்டி நேரலாம்.

வேளாண்மையா, வணிகமா?

ஆடு, மாடு, கோழி வளர்ப்பு விளைநிலத்தில் இயல்பாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நாய் வளர்ப்பை அவ்வாறு கொள்ளலாமா என்பது பல நாடுகளில் எழுந்த கேள்வியாகும். பிரித்தானியத் திட்டமிடல் சட்டம், உணவு, கம்பளி, தோல், மென்மயிர் ஆகியவற்றுக்காகவும் வேளாண் வேலைக்காகவும் வளர்க்கப்படும் விலங்குகளையே கால்நடை வளர்ப்பில் சேர்க்கிறது. இதன் அடிப்படையில், போட்டிக்கான குதிரைகளை வளர்த்தல் வேளாண்மையாகாது என 1962-இல் அங்கு ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. மந்தை காக்கும் நாய்க்கு ஒருவேளை விலக்குக் கோரலாம். விற்பனைக்கு வளர்க்கும் குட்டிக்கு அவ்வாறு கோருவது கடினம்.

ஒலி

அண்டை வீட்டாரின் எதிர்ப்பு பெரும்பாலும் குரைப்பொலி பற்றியதே ஆகும். ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் சராசரி ஒலி அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் ஆகும். இரவு என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல்லாக உள்ள குரைப்பு, 64 மீட்டரில் 54 ஆகிவிடும். பகலுக்கு அது ஏற்புடையது. இரவில் 45-க்குக் கீழ் வர 180 மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு தேவைப்படும். சுவர், மரம், காற்றின் திசை ஆகியன இக்கணக்கை மாற்றும். சட்டம் குறிப்பது கால அளவு சார்ந்த சராசரியாதலால், விட்டுவிட்டுக் குரைப்பது அதற்குள் அடங்கவும் கூடும். உறக்கம் கலைந்தவருக்கு இது ஆறுதலாகாது என்பது வேறு.

விரிவாக்க விண்ணப்பத்தில் அடிக்கடி தவறாக உணரப்படும் செய்தி ஒன்று உண்டு. பத்து நாய்கள் இருபதாகும்போது, அவை ஒருசேரக் குரைத்தாலும் ஒலி அளவு ஏறத்தாழ 3 டெசிபெல் மட்டுமே உயரும். ஆனால் ஒன்று தொடங்க மற்றவை தொடர்வதால், குரைக்கும் நேரம் நீள்கிறது. ஆகவே டெசிபெல் எண்ணை மட்டும் நோக்கும் ஆய்வு உண்மையான தொல்லையைத் தவறவிடுகிறது. சேர்க்கப்படும் கூண்டுகளை மட்டுமின்றி, விரிவாக்கத்துக்குப் பின் இருக்கப்போகும் மொத்த நாய்களையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நீரும் கழிவும்

கூண்டுகளை நாள்தோறும் கழுவ நீர் வேண்டும். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய பகுதியில் பெருமளவு நீர் இறைப்பது அண்டைக் கிணறுகளைப் பாதிக்குமா என்பதும் ஆராயத்தக்கது. நாயின் கழிவை மாட்டுச் சாணம் போல் வயலில் இடுதல் கூடாது. உருளைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகளும், சிறுநீர் வழிப் பரவும் எலிக்காய்ச்சல் கிருமியும் மனிதருக்கும் தொற்றக்கூடியவை.

காட்டின் அண்மை

பென்னாகரத்தின் மேற்கே காவிரியை ஒட்டிக் காடுகள் உள்ளன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. நாய்களிடமிருந்து நோய் பரவும் இடரும் உள்ளது. 2018-இல் குசராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, சிலவற்றில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி கண்டறியப்பட்டது. இக்காரணத்தால், காட்டோரச் சிற்றூரில் தடுப்பூசிப் பதிவேடும் வேலியின் உறுதியும் நிலவரைபடத்துக்கு இணையாகப் பார்க்கவேண்டியவை ஆகின்றன.

விலங்கு நலப் பதிவு

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017 மே மாதம் நடுவண் அரசால் வெளியிடப்பட்டன. இவற்றின்படி இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல் கட்டாயம். பதிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். 18 மாதம் நிரம்பாத பெண்நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தவும், 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கவும் தடை உள்ளது. ஒரு பெண்நாய் தன் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனச்செய்தல் கூடாது. நிலப் பயன்பாட்டு அனுமதி இருந்தும் இப்பதிவு இல்லையெனில் வளர்ப்பகம் சட்டத்துக்குப் புறம்பானதே ஆகும்.

அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கான காரணங்கள் எழுத்தில் தரப்படவேண்டும். அதன்பின் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே மேல்முறையீடு செய்யலாம்.