எச்.ஐ.வி. ஆய்வும் சிறுபான்மை மாணவரும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. ஒரு நோயால் மிகுதியாகத் துன்புறும் மக்களிடையே வளர்ந்தவர் அந்நோயை ஆராயப் புகின், பிறர்க்குத் தோன்றாத வினாக்கள் அவர்க்குத் தோன்றும். அமெரிக்க எச்.ஐ.வி. ஆய்வுத்துறை இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

அந்நாட்டு மக்களுள் கறுப்பினத்தார் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர். ஆனால், 2022ஆம் ஆண்டில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவருள் அவர்கள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் என மதிப்பிடப்பட்டது. ஆய்வாளர் வரிசையிலோ அவர்கள் மிகச் சிலரே. நோயில் பெரும்பங்கு; ஆய்வில் சிறுபங்கு!

இதனால் விளையும் கேடு யாது? மருத்துவ ஆராய்ச்சி நம்பிக்கையின்றி நடவாது. அலபாமா மாநிலத்து டசுகீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிசு நோயுற்ற கறுப்பின ஆடவர் சற்றேறக்குறைய 400 பேரை அரசுப் பொதுநலத் துறையினர் சிகிச்சையின்றியே கவனித்து வந்தனர். பெனிசிலின் அந்நோயைத் தீர்க்கும் என்று தெரிந்த பின்னரும் அதனை அளித்திலர். அவ்வடு எளிதில் ஆறுவதன்று. தம்மவர் ஒருவரே ஆய்வாளராய் வந்து விளக்கும்போது ஐயம் ஓரளவு நீங்கும்.

இக்குறையைப் போக்கவே ஆய்வுப் பயிற்சித் திட்டங்கள் தோன்றின. 1988இல் தொடங்கிய எயிட்சு ஆய்வு மையங்களின் வாயிலாக, உயர்நிலைப்பள்ளி மாணவர் முதல் பட்டமேற்படிப்பு மாணவர் வரை பயிற்றும் முயற்சி 2021இல் மேற்கொள்ளப்பட்டது. இத்தகைய பயிற்சியில் மாணவர் ஆய்வுக்கூடத்தில் நேரே பணியாற்றுவர், அறிஞர் ஒருவர் உடனிருந்து வழிகாட்டுவார், உதவித்தொகையும் கிடைக்கும். இத்தொகை சிறிதெனினும் இன்றியமையாதது. விடுமுறையில் கூலிவேலை செய்தால்தான் படிக்க இயலும் என்னும் நிலையிலுள்ள மாணவர், ஊதியமின்றி ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு நிற்பார்?

பயிற்சி முடிந்த பின்னும் தடை உண்டு. கல்வி, பயிற்சி முதலியவற்றை ஒப்பவைத்து நோக்கியபோதும், கறுப்பின அறிஞர் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வுநிதியைப் பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

2025இல் அரசின் கொள்கை மாறியது. இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கு நிதி நிறுத்தப்பட்டது. பள்ளி மாணவர் ஒருவர் தேர்ந்த ஆய்வாளராகப் பத்தாண்டுக்கு மேலாகும். இன்று நாற்று நடாத வயலில் நாளை கதிரைத் தேடுவது வீணே.