சந்நிதிக்கு வரத் தயங்கும் தாய்மார்கள்

ஆரணியில் கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். தசரதச் சக்கரவர்த்தி புத்திரகாமேஷ்டி யாகம் செய்த தலம் என்பது ஐதிகம். பிள்ளை வரம் வேண்டி இங்கு வருவோர் பலர். ஆனால், பெற்ற பின் தாயின் உடல் படும் பாட்டை நாம் பேசுவதே இல்லை.

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. அடிவயிற்றின் கீழே ஏதோ இறங்குவதுபோல் கனக்கிறது. 'இந்த ஈரத்தோடு சந்நிதியில் நிற்பதா?' என்று மனம் கூசி, பிரதட்சிணத்தையும் பிரதோஷத்தையும் விட்டுவிடும் மூதாட்டிகள் எல்லா ஊர்களிலும் உண்டு. கேட்டால், 'முழங்கால் வலி' என்பார்கள். பெற்ற மகளிடமும் உண்மையைச் சொல்லார்கள்.

இது விதியன்று; தசைத் தளர்ச்சி. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள், பிரசவத்தாலும் முதுமையாலும் நெடுநாள் இருமல், மலச்சிக்கல், பளு தூக்குதல் ஆகியவற்றாலும் தளர்கின்றன. பட்டு நெய்யும் ஆரணி மக்களுக்குத் தெரியாததா? பாவு தளர்ந்தால் இழுத்துக் கட்டுவார்களே தவிர, தறியைக் கைவிடமாட்டார்கள்.

இத்தசைகளுக்கும் பயிற்சி உண்டு. அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-இல் இதனை விளக்கி எழுதினார். நம் யோக மரபின் மூலபந்தமும் இதற்கு நெருங்கியதே. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, 5 விநாடி நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது. இவ்வாறு 10 முறை, நாள்தோறும் 3 வேளை செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது பழக வேண்டாம். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும், பொறுமை வேண்டும். இருமல் வரும்போது முன்னதாகவே தசையை இறுக்கிக்கொண்டால் கசிவு குறையும்.

கருப்பை இறக்கம் இருப்பவர்களுக்கு, அதனைத் தாங்கும் சிலிக்கோன் வளையத்தை மகளிர் மருத்துவர் அளவு பார்த்துப் பொருத்துவார். பலருக்கு அறுவை சிகிச்சையின்றியே இதனால் நிம்மதி கிடைக்கிறது. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது தவறு. சிறுநீரில் இரத்தமோ எரிச்சலோ கண்டால் உடனே மருத்துவரை நாடுக.

வீட்டுப் பெரியவர்களே, உங்கள் இல்லத்து அம்மையார் கோயிலுக்கு வர மறுத்தால் கடிந்துகொள்ளாதீர்கள்; கனிவோடு காரணம் கேளுங்கள். தாய்மார்களே, வெட்கத்தை விட்டு ஒருவரிடமேனும் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பெற்றெடுத்துத் தளர்ந்த உடல் அது. அதில் கூசுவதற்கு என்ன இருக்கிறது? அடுத்த பிரதோஷத்துக்கு அச்சமின்றி வாருங்கள்.