கதவைத் திறந்ததற்குக் காகிதம் இல்லை

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதிவுக்கான கடைசி நாள் நெருங்குகிறது. பாதுகாப்புத் தளவாட உற்பத்தி வழித்தடத்தில் 'குவாலிட்டி இன்ஜினியர்' வேலை கொட்டிக் கிடக்கிறதாமே, அளவு சரிபார்ப்பதுதானே அது என்று கேட்டுக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன.

வழித்தடம் என்றால் சாலை இல்லை. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை வரைபடத்தில் இணைக்கும் கோடு. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடக்க விழா நடந்தது. அரசு அறிக்கையில் முதலீடு என்று வந்தால் 'அறிவிக்கப்பட்ட' என்றும், வேலை என்று வந்தால் 'எதிர்பார்க்கப்படும்' என்றும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

அளவு பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். எதை, எந்தக் கட்டத்தில், யார் பார்க்க வேண்டும், பார்த்ததற்கு எங்கே கையெழுத்து என்று வகுப்பவர்தான் குவாலிட்டி இன்ஜினியர். விமானத் தொழிலில் ஆய்வாளர் தானாக வந்து எட்டிப் பார்ப்பதில்லை, பதிவுதான் அவரை வரவழைக்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான். அதன் ஓட்டை எங்கே என்பது 2024 ஜனவரி 5 அன்று தெரிந்தது.

அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9, சுமார் 14,800 அடி உயரத்தில் பறந்தபோது அதன் பக்கவாட்டில் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போனது. தேவைப்படாத அவசர வழியை அடைக்கும் மூடி அது. உள்ளே 177 பேர். யாரும் சாகவில்லை.

மூடியைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் அதில் இல்லை. 2023 செப்டம்பரில், போயிங்கின் ரென்டன் ஆலையில், மூடிக்கு அருகே சில ரிவெட்டுகள் பழுதென்று பதிவானது. அவற்றைச் சரிசெய்ய மூடியைத் திறந்தார்கள். ரிவெட் பழுதுக்குப் பதிவு உண்டு, மூடியைத் திறந்ததற்கு இல்லை. திறந்ததாகவே பதிவில் இல்லாத மூடியைத் திரும்பப் பூட்டியபோது சரிபார்க்க யாரை அனுப்புவது? அக்டோபர் கடைசியில் விமானம் கைமாறியது. விசாரணையாளர்கள் ஆவணம் கேட்டபோது, தேடினோம், கிடைக்கவில்லை என்றது போயிங். போல்ட் இல்லாததைக் காட்டியது, ஊழியர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்தியில் இருந்த ஒரு புகைப்படம்!

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். தப்பான அளவைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். எழுதப்படாத வேலையை எந்தக் கருவியும் காட்டாது. டெலிவரி தேதி நெருக்கும்போது 'சும்மா கழற்றி மாட்டினோம்' என்பவரிடம், அதற்கும் பதிவு போடுங்கள் என்று சொல்லி வசவு வாங்குவதும் இந்தப் பொறியாளர்தான்.

மற்றக் கேள்விகள்:

விமானப் பொறியியல்தான் படிக்க வேண்டுமா? இல்லை, மெக்கானிக்கல், மெட்டலர்ஜி படித்தவர்களும் வருகிறார்கள்.

ராணுவத்துக்குச் செய்யும் பாகங்களை யார் ஏற்பது? நிறுவனத்தின் ஆய்வுக்குப் பிறகும், பெரும்பாலும் அரசுத் தரப்பின் தர ஆய்வு உண்டு.

விமானத் தொழிலின் தர முறைக்கான ஏ.எஸ். 9100 சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை நிச்சயமா? அது நிறுவனத்துக்குத் தரும் சான்றிதழ். பயிற்சி மையம் உங்களுக்கு விற்பது, வகுப்பில் உட்கார்ந்ததற்கான சான்று.