பாடத்தின் மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது?

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா கசிந்தது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு அது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்திருந்தது.

இப்படி ஒன்று நடந்தால், இந்த வட்டாரத்து ஆலைகளிலும் துறைமுக யார்டுகளிலும் வேலைக்கு வருபவர்களுக்குக் காட்டும் பாதுகாப்புப் பாடமும் மாறியாக வேண்டும். கூடும் இடம் மாறும், அவசர எண் மாறும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாயு வரும் பாதைக்குக் குறுக்கே விலகி ஓடுவது எப்படி என்று ஒரு பக்கம் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். பாடம் கரும்பலகையில் நடந்தால் அடுத்த நாளே மாற்றிவிடலாம். கணினியில் ஓடும் பாடம் என்றால் முதல் கேள்வி, அதைத் திருத்தக்கூடிய கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

பலரும் பாடக் கோப்பு தங்களிடம் இருப்பதாகவே நம்புகிறார்கள். பாடங்களை நடத்தும் தளமான எல்எம்எஸ்ஸில் ஏற்றிய, ஸ்கார்ம் என்ற பொது வடிவிலான ஜிப் கோப்பு ஒன்று அவர்களிடம் இருக்கும். அது பப்ளிஷ் செய்து முடித்த பொருள். பாடத்தை ஓட்டிக் காட்டும், யார் முடித்தார் என்ற கணக்கையும் மதிப்பெண்ணையும் எல்எம்எஸ்ஸுக்கு அனுப்பும். அதை மறுபடி, பாடத்தைக் கட்டிய ஆத்தரிங் டூலுக்குள் கொண்டுபோய்த் திருத்தப் பெரும்பாலும் வழியில்லை. பட்டறையில் வார்த்தெடுத்த சாமான் வேறு, அதன் அச்சு வேறு. ஜிப் என்பது வார்த்த சாமான். நமக்கு வேண்டியது அச்சு, அதாவது மூலக் கோப்பு.

இந்த வித்தியாசம் 2020 கடைசியில் உலகம் முழுக்கப் புரிந்தது. அந்த டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. ஃபிளாஷில் வெளியிட்ட பாடங்கள் உலாவியில் ஓடாமல் நின்றன. மூலக் கோப்பு வைத்திருந்தவர்களில் பலரால் அதையே எச்டிஎம்எல்5 வடிவில் மறுபடி வெளியிட்டுக்கொள்ள முடிந்தது. வெளியிட்ட கோப்பு மட்டும் வைத்திருந்தவர்கள் முதலிலிருந்து கட்ட வேண்டி வந்தது.

கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளில் மூலக் கோப்பு நம் வன்வட்டிலேயே இருக்கும். ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன் அப்படிப்பட்டது. பென்டிரைவில் பிரதி எடுத்து வைக்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். அதே நிறுவனத்தின் ரைஸ் 360 முழுக்கக் கிளவுடில் இயங்குகிறது. அதில் தரவிறக்கிக்கொள்ள மூலக் கோப்பு என்று ஒன்று கிடையாது. ஸ்கார்ம், வலைப்பக்கம், பிடிஎஃப் என்று எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் திருத்தக்கூடிய பாடம் கணக்குக்குள்ளேயே தங்கிவிடும். சந்தா முடிந்தால் ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்த பாடம் ஓடிக்கொண்டிருக்கும், திருத்தத்தான் முடியாது.

ரைஸில் பகிரும் வழியும் கணக்கிலிருந்து கணக்குக்குத்தான். பாடத்தின் நகலை இன்னொருவருக்கு அனுப்பலாம், அவருக்கும் ஆர்டிகுலேட் கணக்கு இருந்தால். அனுப்பிய பிறகு அது தனிப் பாடம். நீங்கள் இங்கே செய்யும் திருத்தம் அங்கே போகாது. குழுச் சந்தா இருந்தால் சேர்ந்து திருத்தலாம், ஒருவர் விலகும்போது நிர்வாகி அவருடைய பாடங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். ஆபத்து தனிச் சந்தாவில்தான் இருக்கிறது. பயிற்சியாளர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, பாடத்தைக் கட்டி, ஒரு நாள் வேலையை விட்டுப் போனால் பாடமும் அவரோடு போகும். அதனால் கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இதைவிட முக்கியமான ஏற்பாடு வேறு இல்லை என்பேன்.

கூகுள் டிரைவிலும் இதே கதை. கோப்புக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு. அவர் கணக்கு அழிந்தால் கோப்பும் அழியும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் வழக்கத்தை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது.

மொழிக்கு வருவோம். எண்ணூரிலும் மணலியிலும் தமிழர்களோடு பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். ஒரே பாடம் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் வேண்டும். ரைஸ் பாடத்தின் எழுத்துகளை எக்ஸ்லிஃப் என்ற வடிவில் வெளியே எடுத்து, மொழிபெயர்த்து, அந்தப் பாடத்தின் நகலுக்குள் திரும்பச் செலுத்தலாம். படத்துக்குள் பொறித்த எழுத்தும் பதிவு செய்த குரலும் அதில் வராது. ஆகவே படங்களை எழுத்தில்லாமல் ஒரு பிரதி, குரலுக்கான வசனத்தைத் தனிக் கோப்பாக ஒரு பிரதி என்று வெளியே வைத்திருங்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதை அழகாகச் செய்கிறது. காணொளியின் வசனத்தை நேரக் குறிப்போடு பொதுவில் வைக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரல் சேர்க்கப்படுகிறது. எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும்.

மூலக் கோப்பை நம் கையிலேயே வைத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு, அவற்றுக்குக் காசும் வேண்டாம். நார்வேயில் உருவான எச்5பி-யில் பாடமும் மூலமும் ஒரே கோப்பு. அதைத் தரவிறக்கி, எச்5பி இருக்கும் எந்தத் தளத்திலும் ஏற்றித் திருத்தலாம். லூமி என்ற இலவசச் செயலி இருந்தால் இணையம் இல்லாத கணினியிலும் திருத்தலாம். யூடியூபிலிருந்து இணைத்த காணொளி மட்டும் அந்தக் கோப்புக்குள் வராது, தனியாக எடுத்து வையுங்கள். மூடுல் என்ற எல்எம்எஸ் தளத்தில் ஒரு பாடத்தை முழுதாக பேக்கப் எடுத்து வேறு மூடுலில் நிறுவலாம். வெளியாருக்குக் கொடுக்கும் முன், பயனர்களைச் சேர்க்கும் தேர்வை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர்களின் பெயரும் மதிப்பெண்ணும் சேர்ந்தே போய்விடும்.

பாடத்தை வெளியே கொடுத்துச் செய்வதானால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: எந்த டூல், யார் பெயரில் கணக்கு, மூலக் கோப்பு அல்லது உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும் நகல் எப்போது வரும், படங்களும் குரல் பதிவும் தனியாக வருமா. கடைசித் தவணைப் பணத்தை அது வந்து, நீங்களே திறந்து ஒரு வரி திருத்திப் பார்த்த பிறகு கொடுங்கள்.