எந்த சிம் போட்டால் மோட்டார் ஓடும்?

ஸ்மார்ட் ஹோம் என்றால் பெருநகரத்து அடுக்குமாடி வீடுகள்தான் பலருக்கு நினைவு வரும். சேலம், நாமக்கல் சமவெளியில் அந்தத் தொழில்நுட்பம் முதலில் வந்து சேர்ந்த இடம் கிணற்றடி. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டுகிற விவசாயி, மும்முனைக் கரண்டு நடுராத்திரியில் வந்தாலும் டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம். இந்த மொபைல் ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தருகிறது.

சிக்கல் அந்த ஸ்டார்ட்டருக்குள் போடும் சிம்மில் தொடங்குகிறது. பழைய ஸ்டார்ட்டர்கள் பலவும் 2ஜி சிக்னலை மட்டுமே பிடிப்பவை. 2016 செப்டம்பர் 5-இல் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கோ 2ஜி கிடையவே கிடையாது. போனில் பளிச்சென்று பேசுகிற ஜியோ சிம், அந்தப் பெட்டிக்குள் போனதும் டவர் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. சிம்மிலும் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை. ஏர்டெல் 2020-இல் 3ஜியை மூடியபோதும் 2ஜியை விட்டுவைத்தது. பழைய பெட்டிகள் பல இன்னும் ஓடுவது அப்படித்தான். ஆனால் 2ஜியை நம்பி இனிப் புதுப் பெட்டி வாங்குவது வீண்செலவு. 4ஜி ஸ்டார்ட்டரையே கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். விலை குறைந்த வைஃபை பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் இணையாது. ஜிக்பீ என்ற வேறொரு வயர்லெஸ் முறையில் வரும் பல்பும் அதே 2.4-இல்தான் இயங்குகிறது. ஆனாலும் வைஃபை ரவுட்டரோடு நேரடியாகப் பேசாது, நடுவில் ஹப் என்கிற ஓர் இணைப்புப் பெட்டி வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஆசையாகக் கொண்டுவரும் இசட்-வேவ் என்ற இன்னொரு வயர்லெஸ் முறைக் கருவியின் நிலை இன்னும் மோசம்: அங்கே அதற்கு 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2. இங்குள்ள ஹப்போடு அது சேரவே சேராது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் கைகோத்து உருவாக்கிய ‘மேட்டர்’ 2022 அக்டோபரில் வெளிவந்தது. கருவிகளுக்கு அது ஒரு பொது மொழி. அந்த மொழி பயணிக்கும் வழி வைஃபையாகவும் இருக்கலாம், ‘த்ரெட்’ என்ற தனி வயர்லெஸ் வலையாகவும் இருக்கலாம். மேட்டர் முத்திரையைப் பார்த்து வாங்கிய பல்பு த்ரெட் வகையாக இருந்துவிட்டால், அந்த வலையை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் த்ரெட் பார்டர் ரவுட்டர் இல்லாத வீட்டில் அதை இணைக்க முடியாது.

முத்திரை இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அலைவரிசை, ஹப் வேண்டுமா, எந்த சிம் என்ற மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டு, கடையிலேயே ஒருமுறை இணைத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.